மத்தளக்காரன் மேல் ஒட்டிய தாள்

சாவியக்காவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. காய்க்காரர் தராசைத் தூக்கினால் இவள் கண் தட்டில் இருக்காது, அவர் சுண்டுவிரலில் இருக்கும். பால்காரர் மணியடித்தால் பாத்திரத்தை நீட்டுவதற்கு முன்னால் கேனுக்குள் எட்டிப் பார்ப்பாள். கட்டின புருஷனையே விட்டுவைக்கவில்லை. அவர் தையல்காரர், வீட்டின் முன்னறையில்தான் மெஷின். அளவு கொடுக்க வந்த பெண்களிடம் அவர் ஒரு வார்த்தை சிரித்துப் பேசிவிட்டால் போதும், உள்ளே பாத்திரம் உருளும். "பாத்திரம் தேய்க்கிறியா, பந்து விளையாடுறியா?" என்பார் அவர். "ரெண்டும்தான். உங்களுக்கென்ன?" என்பாள்.

ஊருக்கு இது வேடிக்கை. ஆனால், சும்மா சொல்லக்கூடாது, கோயில் சாவி அவள் கைக்கு வந்த பிறகுதான் கோயில் கோயிலாக இருந்தது. முன்னால் வைத்திருந்தவர்களில் ஒருத்தர் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போவார், இன்னொருத்தர் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைப்பார். இவள் காலத்தில் ஒரு பூனை உள்ளே புகுந்தாலும் அது யார் வீட்டுப் பூனை, எந்த வழியாக வந்தது என்று தெரிந்துகொண்டுதான் வெளியே விடுவாள்.

கோயில் சின்னது. சாமி இருக்கிற இடம், முன்னால் ஒரு மண்டபம், சுற்றிவர இரண்டு பேர் ஒதுங்கிப் போகிற அகலத்தில் இருட்டு நடை. அந்த நடையின் உள்சுவர் முழுக்கப் படம். சாமியின் கல்யாண ஊர்வலம். காளை மேல் மாப்பிள்ளை, பின்னால் தாடி வைத்த முனிவர்கள், தொந்தி பெருத்த பூதங்கள், குடை பிடிப்பவர்கள், கொம்பு ஊதுபவர்கள், மூலை திரும்புகிற இடத்தில் ஒரு மத்தளக்காரன். அதற்கப்புறம் பெண் வீட்டார். தட்டு ஏந்தின பெண்கள், தோழிகள், நடுவில் தலை குனிந்து அம்மன். யார் வரைந்தது, எந்தக் காலம், ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. விளக்குப் புகை ஏறி ஏறி எல்லாமே பழுப்பாகிக் கிடந்தது.

சாயங்காலம் பூட்டுவதற்கு முன் சாவியக்கா கையில் விளக்கோடு ஒரு சுற்று வருவாள். பார்க்கிறவர்கள் சாமி சுற்றுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். சாமியும் இல்லை பூதமும் இல்லை. எல்லாரும் இருக்கிறார்களா என்று பார்க்க வருகிறாள். ஒவ்வொரு முகத்துக்கும் எதிரே விளக்கைத் தூக்கிப் பிடிப்பாள். மத்தளக்காரனிடம் மட்டும் கொஞ்சம் நிற்பாள். கன்னம் உப்பி, ஒரு கண் லேசாகச் சுருங்கி, என்னமோ சொல்ல வந்து வாயை அடக்கிக்கொண்ட முகம் அவனுக்கு. "என்னடா முழிக்கிறே, திருட்டுப் பயலே" என்பாள். ஊரிலேயே அவள் கொஞ்சிப் பேசுகிற ஒரே ஆம்பிளை அவன்தான் என்று தையல்காரர் சொல்லிச் சிரிப்பார். அவர் நிஜமாகத்தான் சிரிக்கிறாரா, வயிற்றெரிச்சலை மறைக்கிறாரா என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் உண்டு.

அம்மனுக்குப் பக்கத்தில் கண்ணாடி பிடித்து நிற்கிற தோழிக்கு மட்டும் முகம் கிடையாது. கழுத்து இருக்கிறது, கொண்டைப் பூ இருக்கிறது, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் காரை. மூஞ்சியில்லாதவள் என்று ஊர் அவளுக்குப் பெயர் வைத்திருந்தது. அந்த இடம் வந்தால் சாவியக்கா விளக்கைத் தாழ்த்திக்கொண்டு வேகமாகப் போய்விடுவாள். ஏனென்றால் அந்த முகம் காணாமல் போனபோது கோயில் காவல்காரர் அவளுடைய அப்பா.

அப்போது அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்தோ ஒரு ஆள் கழுத்தில் கேமராவோடு வந்தான். ஆற அமரச் சுவரைப் பார்த்தான், படம் பிடித்தான், வாசலில் உட்கார்ந்து அப்பாவோடு வெகுநேரம் பேசிவிட்டுப் போனான். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் பூசாரி விளக்கேற்ற வந்தால், தோழிக்கு முகம் இல்லை. அவ்வளவுதான். காவல்காரன் பெயர்த்துக் கொடுத்துவிட்டான், கேமராக்காரன் வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்று ஊர் முடிச்சுப் போட்டுவிட்டது. பார்த்த ஆள் இல்லை, அத்தாட்சி இல்லை, அதனால் போலீசும் இல்லை. மண்டபத்தில் கூட்டி வைத்துக் கேட்டார்கள். "நான் விக்கலை" என்றார் அப்பா. "அப்ப முகம் எங்கே?" என்று கேட்டார்கள். "தெரியாது" என்றார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

மகள் விடுவாளா? ஊரோடு மல்லுக்கு நின்றாள். யாராவது ஜாடையாகப் பேசினால் தெருவே அதிரும். குழாயடியில் "மூஞ்சி வித்தவன் மக" என்று முணுமுணுத்த ஒருத்தியின் குடத்தைத் தூக்கித் தரையில் போட்டு உடைத்தவள் அவள். வெளியே இப்படி. உள்ளே நடந்தது வேறு. அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து அவருடைய தகரப் பெட்டியைக் குடைந்தாள். பரணில் ஏறித் தேடினாள். அரிசிப் பானைக்குள் முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததில் நிம்மதி வந்ததா? அதுவும் இல்லை. அப்படியென்றால் கைமாறிவிட்டது என்றுதான் தோன்றியது. அந்த வருஷமே அவளுக்குக் கல்யாணம் நடந்தது. "இதுக்கெல்லாம் எங்கேருந்து வந்துச்சாம்?" என்று வந்தவர்கள் காதைக் கடித்துக்கொண்டார்கள். புதுச் சேலையில் உட்கார்ந்திருந்த அவளும் மனசுக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பெற்ற அப்பாவை நினைக்கிற நினைப்பா இது என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

இப்போது அப்பா அவள் வீட்டு உள்ளறையில் ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறார். அம்மா போன பிறகு அவள்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். ஊட்டுகிறாள், துடைக்கிறாள், புரட்டிப் படுக்க வைக்கிறாள், நடுநடுவே திட்டவும் செய்கிறாள். அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டதில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

பழைய தர்மகர்த்தா போய் அவர் மகன் வந்ததும், அவர் வீட்டுக்கு நடையாய் நடந்து சாவியை வாங்கினாள். கொடுக்கும்போது அவர், "நம்பித் தர்றேன்மா. ஆனா பழசை நான் மறக்கலை" என்றார். "நானும் மறக்கலை ஐயா" என்றாள். தன் கையில் சாவி இருக்கிறவரை அந்தச் சுவரிலிருந்து ஒரு துரும்பு போகக்கூடாது. அப்படியே தன் காலம் முடிந்தால், காவல்காரர் குடும்பம் அப்படிப்பட்டதில்லை என்று ஊரில் நாலு பேராவது சொல்வார்கள். இதுதான் அவள் ஆசை. வேறு எந்த ஆசையும் அவளுக்கு இல்லை.

அதனால்தான் சுவரைச் சுத்தம் பண்ண வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று கேட்டதும் அவள் கோயில் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

வந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நாற்பது வயசுக்காரி, மூக்குக்கண்ணாடி, வம்பு தும்பு இல்லாத பேச்சு. குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றுவாள், ஒரு புட்டியில் தோய்ப்பாள், சுவரில் உருட்டுவாள், தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த பஞ்சைச் சுற்றுவாள். நாள் முழுக்க இதே வேலை. சாவியக்கா அவளுக்குப் பஞ்சுக்காரி என்று பெயர் வைத்தாள். கூட வந்தவன் சதா ஏணியைச் சுமந்துகொண்டு திரிந்ததால் ஏணிக்காரன். பள்ளிக்கூடத்தில் காலியாகக் கிடந்த ஒரு அறையில் தங்கிக்கொண்டார்கள். இதெல்லாம்கூடப் போகட்டும். தர்மகர்த்தா அவர்களுக்கென்று இன்னொரு சாவி செய்து கொடுத்துவிட்டார். "காலையில சீக்கிரமே வந்துடுவாங்க. உனக்கு எதுக்கும்மா சிரமம்?" என்றார். சிரமமாம்! அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் கண்கொத்திப் பாம்பாகக் காவல்தான். பெருக்கின இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டு நடையிலேயே கிடந்தாள். வெள்ளையாகச் சுவருக்குப் போகிற பஞ்சு கறுப்பாகத் திரும்பி வந்தது. சரி, அது புகை. ஆனால் இரண்டொரு பஞ்சு சிவப்பாக வந்ததே, அது அவள் அடிமடியிலேயே கை வைத்துவிட்டது. அந்தப் பஞ்சைக் குப்பையில் போட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். பஞ்சுக்காரி அதைச் சின்னச் சின்னப் பைகளில் போட்டு, மேலே என்னமோ கிறுக்கி, பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"குப்பையை எதுக்கும்மா பூட்டி வைக்கிறீங்க?"

"பரிசோதனைக்கு அனுப்பணும்க்கா. பழைய நிறம் எது, பின்னாடி யாராவது பூசினது எதுன்னு தெரியணும்ல."

"ஓகோ" என்றாள் சாவியக்கா. அந்த ஓகோவை அவள் இழுத்த இழுப்பில் ஏணி மேலிருந்தவன் வேலையை விட்டுத் திரும்பிப் பார்த்தான்.

அன்று சாயங்காலமே தர்மகர்த்தா வீட்டு வாசலில் போய் நின்றாள். "ஐயா, சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாப் போகுது. பஞ்சுல ஒத்தி எடுத்துப் பையில கட்டுறாங்க."

"அட நீ ஒண்ணு. படிச்சவங்கம்மா அவங்க."

"அவன்கிட்ட சின்னதா ஒரு கத்தி இருக்கு ஐயா. பேனா மாதிரி பிடிக்கிறான்."

"வேலைக்கு வேண்டியதா இருக்கும்."

"படிச்சவங்க திருட மாட்டாங்களா? அன்னிக்குக் கேமராவோட வந்தவன் படிக்காதவனா?"

அது அவருக்குச் சுருக்கென்று பட்டது. அடுத்த நாளிலிருந்து அவரும் சும்மா வருகிற மாதிரி கோயில் பக்கம் வர ஆரம்பித்தார். வந்து, பெட்டிகளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போவார். அவர் சொல்லி இரண்டு பேர், அந்த இரண்டு பேர் சொல்லி நாலு பேர். கடைசியில் டீக்கடைக்காரரே ஏணிக்காரனுக்கு டீ கொடுத்துவிட்டு, அவன் பையையும் ஒரு பார்வை பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது.

இதற்கு நடுவே சுவர் வெளுத்துக்கொண்டு வந்தது. பழுப்புக்குள்ளிருந்து முனிவர்களின் காதுக் கடுக்கன் எழுந்து வந்தது. ஒரு பூதம் இத்தனை வருஷமாக நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. சாவியக்கா பெருக்குவதை நிறுத்திவிட்டாள். அழகுடா சாமி என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அடுத்த நிமிஷமே, இவ்வளவு அழகாகிவிட்டால் இதன் மேல் எத்தனை பேர் கண் விழுமோ என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

மூலை திரும்பி மத்தளக்காரனிடம் வந்து சேர்ந்தார்கள். அங்கே சுவர் உப்பியிருந்தது. பஞ்சுக்காரி விரல் நுனியால் தட்டினாள், காலிப் பானையைத் தட்டின மாதிரி உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்டது. அவன் முகத்தில் நிறம் செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அவள் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தாள் ஒன்றை எடுத்தாள். முகத்தின் மேல் வைத்து, மெத்தென்ற தூரிகையால் பசையைத் தடவி ஒட்டினாள். எதுவரை ஒட்டியிருக்கிறது என்று தெரிவதற்காகச் சுற்றிலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்தாள். மத்தளக்காரன் தாளுக்குப் பின்னால் போய்விட்டான்.

"அவனை எதுக்கும்மா மூடுறீங்க?"

"நிறம் உதிரப் பாக்குதுக்கா. இந்தத் தாள் அதைப் பிடிச்சு வெச்சுக்கும். சுவருக்குள்ள ஊசி வழியா பசை ஏத்தி, அது இறுகினப்புறம் தாளை மெதுவா நனைச்சு எடுத்துடுவோம். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. நீங்களும்தான், சொல்லிட்டேன்."

பதில் தெளிவாகத்தான் இருந்தது. இவளுக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. அவளைச் சொல்லியும் குற்றமில்லை, அவள் தையல்காரர் பெண்டாட்டி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். மேஜையில் துணி, துணி மேல் தாள், தாளைச் சுற்றிச் சுண்ணக்கட்டிக் கோடு, அடுத்தது கத்திரி. தாள் வைத்துக் கோடும் போட்ட பிறகு வெட்டாமல் விட்ட துணியை அந்த வீட்டில் அவள் கண்டதில்லை.

"தாளை வெச்சாச்சு, கோடும் போட்டாச்சு" என்றாள் புருஷனிடம். "இனி வெட்டுதான்."

"சுவர் என்ன சட்டைத் துணியா?"

"அப்ப கத்தி எதுக்கு வெச்சிருக்கான்?"

தையல்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "உன்கிட்ட பேசி ஜெயிக்க என்னால முடியாது. போய் உங்கப்பாவுக்குத் தண்ணி குடு" என்றார்.

மறுநாள் மத்தியானம் இருவரும் சாப்பிடக் கிளம்பினார்கள். எப்போதும் பையை ஏணிக்கு அடியில் விட்டுவிட்டுப் போகிற ஏணிக்காரன் அன்றைக்கு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். சாவியக்காவுக்கு மூக்கில் வியர்த்தது. பை தட்டையாக, என்னமோ பலகை வைத்த மாதிரி இருந்ததாகப் பட்டது. ஓடிப்போய்த் தாளுக்கு எதிரே நின்றாள். தாளுக்கடியில் மங்கலாக என்னமோ தெரிந்தது. முகம் என்று நினைத்தால் முகம், அழுக்கு என்று நினைத்தால் அழுக்கு. காலையிலேயே வெட்டி எடுத்துவிட்டு, வெறும் தாளை ஒட்டி வைத்து ஏய்க்கிறார்களோ? அப்பா காலத்திலும் இப்படித்தான் நடந்திருக்குமோ?

ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே அழுத்திவிடலாம் என்றுதான் நினைத்தாள். செம்புத் தண்ணீரில் விரலை நனைத்தாள். தாளின் மூலையில் தடவினாள். நகத்தால் கிள்ளினாள். கொஞ்சம் வந்தது, நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அது சட்டென்று, காய்ந்த புண்ணின் பொருக்கு உரிந்து வருகிற மாதிரி, மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது.

சுவரில் வெறும் காரை.

தாளைத் திருப்பினாள். மத்தளக்காரன் தாளின் முதுகில் இருந்தான். உப்பின கன்னம், சுருங்கின கண், எல்லாம் இடம் வலமாக மாறி, பின்னாலிருந்து பார்க்கிற மாதிரி. இத்தனை வருஷம் அவனை வெட்ட வருகிறவனை எதிர்பார்த்துக் காத்திருந்தாளே, அந்த மத்தளக்காரன் இவள் கையிலேயே வந்துவிட்டான்! "ஐயோ சாமி, ஐயோ சாமி" என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. திரும்ப ஒட்டிவிடலாம் என்று சுவரில் வைத்து லேசாக அழுத்தினாள். மோவாயில் ஒரு துணுக்கு உதிர்ந்து அவள் கால் விரல் மேல் விழுந்தது. கையை எடுத்துவிட்டாள்.

பூத்தட்டில் தாளைப் படுக்க வைத்து, மேலே துண்டைப் போர்த்தி, கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அந்தத் தெருவில் யார் தட்டில் என்ன போகிறது என்று நிறுத்திக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான். அதனால் அவளை யாரும் கேட்கவில்லை.

தையல்காரர் துண்டைத் தூக்கிப் பார்த்தார். வாயிலிருந்த குண்டூசியை எடுத்து மேஜையில் வைத்தார். "நீயா எடுத்தே?"

"பாக்கத்தாங்க எடுத்தேன். வந்துடுச்சு."

"யாராவது பாத்தாங்களா?"

"இல்லை."

அவர் தட்டை வெட்டு மேஜையின் மூலையில் வைத்து, அதன் மேல் துணி படாமல் நாலு பக்கமும் நூற்கட்டைகளை நிறுத்தி ஒரு போர்வையை மூடினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "வாயைத் திறக்காதே. அவங்ககிட்டயும் சாவி இருக்கு. தாளை ஒட்டினதும் அவங்கதான். திருடப் போறாங்க, திருடப் போறாங்கன்னு நீ ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கே. யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க. நான்தான்னு நீ போய் நின்னேன்னு வெச்சுக்கோ, அப்பனும் மகளுமா சேர்ந்தே செஞ்சிருக்காங்கன்னு உங்கப்பாவையும் சேர்த்துப் புதைச்சுடுவாங்க."

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

கொஞ்ச நேரத்தில் டீக்கடைக்காரர் மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார். "அக்கா, ஐயா கூப்பிடுறாரு! நீ சொன்ன மாதிரியே கைவரிசையைக் காட்டிட்டானுங்க!"

கோயிலில் கூட்டம். தர்மகர்த்தா ஏணிக்காரனின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார், காலர் பாதி கிழிந்து தொங்கியது. அவன் பையைத் தரையில் கொட்டியிருந்தார்கள். துவைத்துப் பிழிந்த இரண்டு சட்டை, சோப்பு, ஈரத் துண்டு, இரண்டு தூரிகை, அந்தக் கத்தி. துணி துவைக்கத்தான் பையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் பாவி!

சாவியக்காவைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழி விட்டது. "வாம்மா" என்றார் தர்மகர்த்தா. "நீ தலைப்பாடா அடிச்சுக்கிட்டே, நான் காது குடுக்கலை. என் தப்புதான்." அவள் ஆயுசில் அந்த வீட்டு ஆட்கள் அவளிடம் தப்பு என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பின்னாலிருந்து யாரோ, "காவல்காரர் மக கண்ணை யாரு ஏமாத்த முடியும்?" என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை, மெய்யாகவே சொன்னார்கள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அவள் இத்தனை காலம் காத்துக் கிடந்தாள். கேட்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சத்தியமா நான் எடுக்கலைங்க" என்றான் ஏணிக்காரன்.

"அப்ப முகம் எங்கேடா?"

"தெரியாதுங்க."

பஞ்சுக்காரி மட்டும் யாரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, அந்தக் காரையின் மேல் கையை வைக்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் நின்றிருந்தாள். திரும்பாமலே பேசினாள். "யார் எடுத்தாங்கன்னு நான் கேக்கலை. யாரா வேணா இருக்கட்டும். அந்தத் தாளை மடிக்காம, சுருட்டாம வெச்சிருந்தாங்கன்னா போதும். மடிச்சா எல்லாம் போச்சு." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"மடிக்கலைம்மா" என்றாள் சாவியக்கா.

"என்ன?" என்றார் தர்மகர்த்தா.

"மடிக்கலை. தட்டுலதான் வெச்சிருக்கேன், எங்க வீட்டு மேஜையில. நான்தான் எடுத்தேன். அந்தப் பையனை விடுங்க ஐயா."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வெட்டி எடுத்துவிட்டார்களோ என்று பார்க்கத்தான் உரித்தேன் என்றாள். தாள் வைத்துக் கோடு போட்டால் அடுத்தது வெட்டுவார்கள் என்று நினைத்தேன் என்றாள். சொல்லச் சொல்ல அவள் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது. நம்புவதற்கு அங்கே ஒரு ஆள் இல்லை. "ஊரைக் கிளப்பிவிட்டுட்டு உள்ளே இருந்தே வேலை பாத்திருக்கா" என்றது ஒரு குரல். "அன்னிக்கு அப்பன், இன்னிக்கு மக. ரத்தம் வேற எங்கே போகும்?" என்றது இன்னொன்று. தர்மகர்த்தா காலரை விட்டுவிட்டு, அந்தக் கையையே அவள் முன்னால் நீட்டினார். அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அதில் வைத்தாள்.

"நடங்கக்கா, சீக்கிரம்" என்று பஞ்சுக்காரி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

தையல்காரர் போர்வையை எடுத்தார். பஞ்சுக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு தாளின் மேல் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். "மோவாய்ல கொஞ்சம் போயிடுச்சு. மத்தது வந்துடும், திருப்பி ஒட்டிடலாம்" என்றாள். நிமிர்ந்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "நான் தொடாதீங்கன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"ஏன்னும் விவரமாச் சொன்னேன்ல?"

"சொன்னீங்கம்மா. நான் நம்பலை."

பஞ்சுக்காரி தட்டைத் தானே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படி இறங்கினாள். ஏணிக்காரன் வெளியே நின்றிருந்தான். "சட்டையைக் கழட்டிக் குடுங்க தம்பி, ஒரு நிமிஷத்துல காலரை அடிச்சுத் தர்றேன்" என்றார் தையல்காரர். அவன் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, சாவியக்காவின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

அன்றைக்கு அதற்கப்புறம் துணி கொடுக்க ஒருத்தரும் வரவில்லை. தையல்காரர் மெஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. சோற்றைக் குழையப் பிசைந்து எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். நாளைக்கு ஜன்னல் வழியாக யாராவது கத்திவிட்டுப் போவார்கள். அதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தாள் ஒட்டினதிலிருந்து சாவியைக் கொடுத்தது வரை எல்லாவற்றையும் சொன்னாள். "உங்க பேரைக் காப்பாத்தறேன்னு கிளம்பி, இருந்த கொஞ்சத்தையும் நானே கெடுத்துட்டேன்பா" என்றபோது அவள் அழுதுவிட்டாள்.

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு மெதுவாக அவள் பக்கம் தலையைத் திருப்பினார்.

"முழுசா வந்துச்சா, பொடியா வந்துச்சா?"

"எதுப்பா?"

"முகம். உன் கையோட வந்தப்ப."

"முழுசாத்தான். தாள்ல ஒட்டிக்கிட்டு வந்துச்சு."

அப்பா தலையை ஆட்டினார். "எனக்குப் பொடியாப் போச்சு" என்றார்.

அவள் கையிலிருந்த சோற்றைக் கீழே வைத்தாள்.

"அந்தப் படம் பிடிச்சவன் சொன்னான், இந்தப் புகையைத் துடைச்சா உள்ளே பளபளன்னு இருக்கும்னு. ஒரே ஒரு முகத்தைத் துடைச்சுப் பாப்போம்னு ஈரத்துணியைப் போட்டேன். துணியோட வந்துடுச்சு. பயத்துல உதறிட்டேன். கீழே விழுந்ததைப் பொறுக்கினா விரல்ல மஞ்சளா ஒட்டுச்சு, அவ்வளவுதான். ஊருக்குக் காட்ட என் கையில ஒண்ணுமே இல்லை."

சாவியக்காவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமில்லப்பா!" என்று கத்தினாள். முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல! இத்தனை வருஷம் வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

"சொன்னா நம்பியிருப்பியா?" என்று கேட்டார் அப்பா. குற்றம் சொல்கிற குரலில் இல்லை. தெரிந்துகொள்கிற ஆசையில் கேட்ட மாதிரிதான் இருந்தது.

நம்பியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். இன்று மத்தியானம் வரைக்கும் நம்பியிருக்க மாட்டாள், அது அவளுக்கே தெரியும். குனிந்து ஒரு கவளத்தை எடுத்து அவர் வாய்க்குக் கொண்டுபோனாள். பாதிச் சோறு அவர் மார்பில் சிந்தியது. அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சாப்பிட்டார்.